பந்து என்பது யாதெனில்

சிவப்பு அணியின் கோல்கீப்பர் கோல் வாசலிலேயே குப்புறப் படுத்துவிட்டது. முழங்கால் உயர ரோபோ. இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே அளவெடுத்து விரித்த பாய் மாதிரி கிடந்தது. நீல அணி உதைத்த பந்து அதன் முதுகில் மோதித் திரும்பி, மறுபடி போய் மோதிக்கொண்டிருந்தது.

"ஃபவுல்!" என்று கத்தினாள் நீல அணியின் தலைவி. பொறியியல் படித்த பெண். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"விழுந்ததுக்கு ஃபவுலா? பாவம், அதுவே தடுக்கி விழுந்து கிடக்கு" என்றார் சிவப்பு அணித் தலைவர், தாடியைத் தடவியபடி.

"தடுக்கி விழுந்தா இவ்வளவு நேராவா விழும்? ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி படுத்திருக்கு!"

தலைமை நடுவர் விசிலை வாயில் கவ்விக்கொண்டே விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; எல்லாருக்கும் அவர் கணக்கு சார். தெளிவில்லாத எதுவும் அவருக்கு ஆகாது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய், "கொஞ்சம் உப்பு போடுங்க" என்று குரல் கொடுத்தால், "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கரண்டியும் கையுமாக நிற்பவர்.

புத்தகத்தில் இருந்ததோ ஒரே வரி. ‘கோல்கீப்பர் நியாயமான முறையில் பந்தைத் தடுக்கலாம்.’

"நியாயமான முறை! இதை எழுதினவர் மட்டும் என் வகுப்புல படிச்சிருக்கணும்" என்று பல்லைக் கடித்தார்.

இந்த வழவழா கொழகொழா விதிகளையெல்லாம் மாற்றச் சொல்லி ரோபோ கால்பந்தின் மத்திய சங்கத்திடம் அவர் முறையிடாத வருஷம் இல்லை. பதில் வந்த வருஷமும் இல்லை. இந்த முறைதான் கொஞ்சம் வழி பிறந்திருந்தது. "உங்க நடுவர் சொல்ற திருத்தங்களை அங்கேயே போட்டு நடத்திக் காட்டட்டும். பார்க்க ஒருத்தரை அனுப்புறோம்" என்று போட்டிச் செயலாளரிடம் சொல்லியிருந்தார்கள். வந்தவருக்குப் பிடித்துப்போனால், இனி எல்லாப் போட்டிக்கும் கணக்கு சாரின் விதிதான்.

ஆள் வந்தும்விட்டார். முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு நடுத்தர வயது அம்மாள். மடியில் ஒரு ஃபைல். கூரைக்குக் கீழேயும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. பெரிய இடத்துத் தோரணை. செயலாளர் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கணக்கு சார் விசிலை ஓங்கி ஊதினார்.

அம்மாள் தூக்கிவாரிப்போட்டதுபோல் நிமிர்ந்து, முகத்தைச் சுளித்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

கணக்கு சார் அதைப் பார்த்துவிட்டார். ஃபவுலா இல்லையா என்று சொல்லாமலே இடைவேளை விட்டுவிட்டு, நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"மேடம், இப்போ எப்படி இருக்கு?"

அம்மாள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "தெளிவாவே இல்லைங்க. எது பந்து, எது காலுன்னுகூடப் பிரியலை."

பக்கத்தில் நின்ற செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. கணக்கு சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பார்வையாளர் வரிசையிலிருந்து மனைவி தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார்.

"என்னங்க, ஒரு வார்த்தைக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? முதல்ல தண்ணியைக் குடிங்க."

"வார்த்தையா அது? பொட்டில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க! பந்துன்னா என்னன்னு இந்தப் புத்தகத்துல எங்கேயாவது இருக்கா? கிடையாது! அப்ப இத்தனை வருஷமா எதை உதைச்சுக்கிட்டு இருந்தோம்?"

"பந்தைத்தான்."

"நிரூபி பார்க்கலாம்!"

மனைவி பாட்டிலை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் நிரூபித்து ஜெயித்ததில்லை.

கணக்கு சார் அரங்கத்தின் வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார். ‘பந்து என்பது யாதெனில், களத்தில் உள்ள, ஆரஞ்சு நிறமுடைய, உருண்டையான பொருள். அது கோல் கோட்டைக் கடந்தால் கோல். விழுந்து கிடக்கும் ரோபோ, ரோபோ அன்று, அகற்றப்படும்.’

படுத்திருந்த கோல்கீப்பரைத் தூக்கி வெளியே வைத்தார்கள். தாடிக்காரர் முணுமுணுத்தார். நீல அணித் தலைவி பலகையை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு, திருகாணிகள் போட்டு வைத்திருந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கிண்ணங்களைக் கொட்டிக் காலி செய்தாள்.

ஆட்டம் தொடங்கியது. நீல அணியின் முதல் ரோபோ தலையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தது. பந்தை அது சட்டை செய்யவே இல்லை. குடுகுடுவென்று நடந்து, காலியாக இருந்த கோலுக்குள் புகுந்து நின்றது.

"கோல்!" என்று அலறினாள் தலைவி.

"எப்படிக் கோல்? பந்து அங்கே நடுவுல கிடக்கு!" என்றார் தாடிக்காரர்.

"அது ஒரு பந்து. இது இன்னொரு பந்து. சார், ஆரஞ்சா? ஆரஞ்சு. உருண்டையா? உருண்டை. களத்துல இருந்துச்சா? இருந்துச்சு. கோட்டைக் கடந்துச்சா?"

கணக்கு சார் பலகையைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை. விசில் அதிலிருந்து நழுவிச் சட்டைப்பைக்குள் விழுந்தது. பேயறைந்த முகத்தோடு கையை உயர்த்திக் கோல் கொடுத்தார்.

அவ்வளவுதான். மணி அடித்ததும் பள்ளி விட்டு ஓடும் பிள்ளைகள் மாதிரி நீல ரோபோக்கள் கிண்ணமும் தலையுமாக ஒவ்வொன்றாகக் கோலுக்குள் போயின. கூட்டம் எழுந்து நின்றது.

தாடிக்காரர் தாடியை விட்டார். "சரி சார். அதெல்லாம் பந்துன்னா, உதைக்கலாம் இல்ல?"

கணக்கு சார் யோசிப்பதற்குள், சிவப்பு ரோபோக்கள் நீல ரோபோக்களை உதைக்க ஆரம்பித்தன. ஒரு கை பறந்தது. ஒரு பற்சக்கரம் உருண்டு போய்ச் செயலாளரின் காலடியில் விழுந்தது. பளீர் பளீரென்று பொறி தெறித்தது.

"ஐயோ, ஒரு வருஷ உழைப்பு!" என்று தலைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பந்துக்கு வலிக்காதும்மா" என்றார் தாடிக்காரர்.

முன்வரிசை அம்மாள் வெளிச்சம் தாங்காமல் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்த கணக்கு சாருக்கு உயிரே போய்விட்டது. விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, மூச்சிரைக்க ஓடினார்.

"மேடம்... இப்போ எப்படி இருக்கு?"

அம்மாள் கைகளை மெல்ல எடுத்தார். "முன்னைக்கு இப்போ பரவாயில்லை. நடுவுல தேவலை. ஓரம்தான் சரியில்லை. கோடெல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு."

கணக்கு சாருக்கு இது இன்னொரு அதிர்ச்சி. ஆனால் இனிப்பான அதிர்ச்சி. "கேட்டீங்களா? முன்னைக்குப் பரவாயில்லையாம்! நடுவுல தேவலையாம்!" என்று செயலாளரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சார், இதோட நிறுத்திக்குவோமே" என்றார் செயலாளர், சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "நாலு ரோபோதான் உருப்படியா மிச்சம் இருக்கு."

"ஓரம் ஒண்ணுதான் பாக்கி. எல்லையைச் சரியா சொல்லிட்டா முடிஞ்சுது!"

"என்னங்க, அந்தம்மா ஓரம்னு சொன்னது..." என்று மனைவி ஏதோ ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு. விதி எழுதும்போது குறுக்கே பேசக் கூடாது."

பலகையில் இடம் போதவில்லை. பழையதன் கீழே நெருக்கி எழுதினார். ‘கிண்ணம் பந்து அன்று. கோட்டுக்கு உள்ளே, பந்து தவிர நகரும் யாவும் ரோபோ. நகராதது ரோபோ அன்று. ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட ரோபோவுக்குச் சிவப்பு அட்டை. வெளியேற்றப்பட்டதன் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.’

கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டார். அம்மாள் பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைச் சற்று உயர்த்தி உற்றுப் பார்த்தது அவர் நெஞ்சைக் குளிர்வித்தது.

மிச்சமிருந்த ரோபோக்களோடு ஆட்டம் மறுபடி தொடங்கியது. கொஞ்ச நேரம் எல்லாம் அழகாகத்தான் போனது. பிறகு ஒரு சிவப்பும் ஒரு நீலமும் நேருக்கு நேர் மோதி, கையோடு கை சிக்கி, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுழன்றன. கிர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் புகை.

"அணைங்க! யாராவது போய் சுவிட்சை அணைங்க!" என்று கத்தினார் செயலாளர்.

தலைவியும் தாடிக்காரரும் கோட்டருகே ஓடி வந்து, ஒரே சமயத்தில் சடாரென்று நின்றார்கள்.

"உள்ளே கால் வெச்சா நாங்க ரோபோ சார்" என்றாள் தலைவி.

"ஐந்து கிலோவுக்கு மேல வேற" என்றார் தாடிக்காரர்.

புகை தடித்தது. கணக்கு சார் பொறுக்க முடியாமல் களத்துக்குள் பாய்ந்தார். பாதி தூரம் போயிருப்பார்.

"சார்..." தலைவியின் குரல், முதல் தடவையாக மெதுவாக வந்தது. "நகர்றீங்க."

கணக்கு சார் சட்டென்று நின்றார். தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

"அப்படியே நில்லுங்க சார்!" என்று பதறினார் துணை நடுவர். வங்கியில் காசாளர்; கள்ள நோட்டைக்கூட மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தருகிற சுபாவம். "அசையாம இருந்தா நீங்க ரோபோ இல்லை! விதியிலேயே இருக்கு!"

கணக்கு சார் ஒற்றைக்காலில் நின்றார். புகை மெல்ல வந்து மூக்கில் ஏறியது. கண்ணை மூடினார். மூச்சைப் பிடித்தார். கன்னம் உப்பியது. கடைசியில் வெடித்துக்கொண்டு வந்தது இருமல்.

"நகர்ந்துட்டார்!" என்று நீலமும் சிவப்பும் ஒரே குரலில் கத்தின. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அதற்குள் மனைவி கோட்டுக்கு வெளியே நின்றபடியே குனிந்து பாட்டில் தண்ணீரை விசிறி ஊற்றினார். புகை அடங்கியது. ரோபோக்களும் ஒரேயடியாக அடங்கின.

ரோபோக்களை நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தார்கள். கணக்கு சார் ஏறினார். முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவந்து பூஜ்யத்தில் நின்றது.

"பூஜ்யம்தான் காட்டுது. விட்டுடலாமே?" என்றார் காசாளர் ஆசையோடு.

"இல்லை" என்றார் கணக்கு சார். "யாருக்கும் விலக்கு இல்லைன்னு நான்தானே எழுதினேன். அட்டையை எடுங்க."

காசாளர் சிவப்பு அட்டையைக் காட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார். "சார், மன்னிக்கணும்... உங்க பேட்டரி?"

கணக்கு சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்திலேயே, உடைந்த ரோபோக்களுக்கு நடுவில், தானும் உட்கார்ந்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று மனைவி மெதுவாகத் தோளைத் தொட்டார்.

"மேடம்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்."

எழுந்து முன்வரிசைக்குப் போனார். நாற்காலி காலி. அரங்கத்தின் வாட்ச்மேன் அங்கே நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மேடம் இருந்தாங்களே... கோபமா எழுந்து போயிட்டாங்களா?"

"கோபமா? சந்தோஷமா போனாங்க சார். ‘இப்பதான் எல்லாம் பளிச்சுன்னு தெளிவா இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

கணக்கு சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் மளமளவென்று நீர் வந்தது. "கேட்டியா?" என்று மனைவியின் கையைப் பற்றினார். "தெளிவா இருக்காம்! ஓரமும் சேர்த்து!" ஓடி வந்த செயலாளர், கையிலிருந்த சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். துணை நடுவர் கைக்கடிகாரத்தைத் துடைத்துக் கொண்டுவந்து, மன்னிப்புக் கேட்டு, அவரே கட்டிவிட்டார்.

"மேலிடத்துல என்ன சொல்லப்போறாங்களாம்? அதைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் கணக்கு சார்.

"மேலிடமா?" வாட்ச்மேன் கையிலிருந்த நாற்காலியை மடக்கினார். "எதிர்க்க இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க சார் அவங்க. சொட்டு மருந்து விட்டதுல ஒண்ணுமே தெரியலை, கண்ணு தெளியற வரைக்கும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துக்கிறேன்னாங்க, நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிவந்தேன். நடுநடுவுல வந்து ‘இப்போ எப்படி இருக்கு’ன்னு அக்கறையா விசாரிச்சாரே, அந்த ஆஸ்பத்திரிக்காரருக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க... யார் சார் அவரு?"