ஜன்னல் வியாபாரி கொண்டுபோன தொண்ணூற்றாறு வருடங்கள்

சல்ச்சேனி,
ஆகஸ்ட் 24, 2019

அன்புள்ள மைத்துனன் தாவிக்கு,

உன் அத்தான் இலாரியே எழுதும் கடிதம். சரகோசாவில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும். நானும் உன் அக்கா லெத்தீசியாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. பிளம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மரியாதைகள் முடிந்தன, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கால்பந்து கிளப் தோற்றுவிட்டது. மைதானத்தில் தோற்றிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன், அது நமக்குப் பழக்கம். இந்த முறை நீதிமன்றத்தில்.

தோரெல் ஹட்செகான் என்றொரு ஜன்னல் வியாபாரி. நீ ஸ்பெயினுக்குப் போன பிறகு முளைத்தவன். நாம் வேலை பார்த்த ரயில் பட்டறையை மூடியதும் கேட்பாரற்றுக் கிடந்த கிளப்பை அவன்தான் வாங்கினான். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், அந்தக் கைகளை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இரண்டே வருடத்தில் மேயரோடு ஒரு விளம்பரப் பலகைக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, அணி, பெயர், சின்னம், கோப்பை எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றி, நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தன் சொந்த ஊரான ப்ருனேட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். நம் கிளப்பின் பெயரான ஃபெரோவியாருல் என்றால் ரயில்வேக்காரன் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ப்ருனேட்டில் தண்டவாளமே கிடையாது, தாவி. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் பஸ் பிடிக்க வேண்டும்.

நகராட்சி வழக்குப் போட்டது, சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன், மூச்சு மட்டும் விட முடியவில்லை. அப்பாவின் புகைப்படத்தையும் எடுத்துப் போனேன். உனக்குத் தெரியுமே, 1923இல் இஞ்சினுக்கு முன்னால் பதினோரு பேர், சிக்னல் கொடித் துணியில் தைத்த சட்டை, பாதி சிவப்பு, பாதி பச்சை. நிற்பதா போவதா என்று எதிரணி குழம்பிப்போகும் என்று அப்பா சொல்வார். ஹட்செகானின் வக்கீல் படத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தான்.

“தாத்தா, இதுல கிளப் பேரு எங்க எழுதியிருக்கு?”

“பேரு இல்லீங்க, இஞ்சின் நம்பர்தான் இருக்கு. ஓரத்துல நிக்கிறவர பாருங்க, அதான் எங்கப்பா.”

“அப்பா பேரு பதிவேட்டுல இருக்கா?”

“இல்லீங்க. அப்ப அவருக்குப் பதினெட்டு வயசு. கையெல்லாம் கிரீஸ், பேப்பரத் தொட விடல.”

“ஆனா உங்க பேரு இருக்கு தாத்தா,” என்று அவன் ஒரு காகிதத்தை எடுத்தான். “1983, ஜூன் பன்னெண்டு. எண்பத்தொம்பதாவது நிமிஷம். இலாரியே புஸ்கான், சேம் சைடு கோல். அதோட கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. சரிதானே?”

நீதிபதிகூட இருமுவதுபோல் சிரித்தார். வலைக்கு முன்னால் நின்றவன் நீ. ‘விடு’ என்று கத்தினாய், எனக்கு ‘எடு’ என்று கேட்டது. எடுத்தேன். முப்பத்தாறு வருடமாக இந்த ஊரில் ரொட்டி வாங்கப் போனாலும் யாராவது அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

தீர்ப்பு போன மாதம் வந்தது. பெயர், நிறம், 1931இன் கோப்பை, தொண்ணூற்றாறு வருட வரலாறு, எல்லாம் ஹட்செகானுக்கு. நீதிமன்ற வாசலில் உன் அக்கா என் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டபடி சொன்னாள்: “விடுங்க. அந்த சேம் சைடு கோலும் இனிமே அவன் தலையிலதானே?” நான் சிரித்திருக்க வேண்டும். அதை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை, தாவி. அது நான் போட்டது.

இதோடு விட்டார்களா? சமாதானம் செய்கிறேன் என்று மேயர் போன சனிக்கிழமை நம் மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம் வைத்தார். நம் பையன்களுக்குப் பெயரே இல்லை, பலகையில் வெறும் ‘உள்ளூர்’. ப்ருனேட்டிலிருந்து வந்து நின்ற பஸ்ஸில் ‘ஃபெரோவியாருல், 1923 முதல்’ என்று முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. நான் பழைய ஆட்டச் சட்டைக்குள் எப்படியோ நுழைந்து போயிருந்தேன். வாசலில் காவலாளி மறித்தான்.

“பெரியவரே, இந்தச் சின்னம் போட்டா விருந்தாளிங்க பக்கம்தான் உக்காரணும்.”

“டேய், இந்த மைதானத்துல புல்லு நட்டதே நாங்கடா!”

“யாரு நட்டா எனக்கென்ன? சட்டையக் கழட்டுங்க, இல்ல அந்தப் பக்கம் போங்க.”

அறுபத்தெட்டு வயதில் இந்த வயிற்றை ஊருக்குக் காட்ட முடியுமா? அந்தப் பக்கம் போனேன். ப்ருனேட்காரர்கள் ஒன்பது பேர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் என் கையிலும் கொஞ்சம் கொட்டி, “எங்க கிளப்புக்கு ரொம்ப நாளா ரசிகராய்யா நீங்க?” என்றாள். நல்ல பெண்மணி. தலையாட்டிவிட்டு நானும் கொறித்தேன்.

எதிர்ப்பக்கம் நம் ஆட்கள் எங்களைப் பார்த்து “திருடனுங்க! திருடனுங்க!” என்று கத்தினார்கள். நம்மோடு இடது ஓரத்தில் ஆடிய கேசா பர்தாலிஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாக, நேராக என்னையே காட்டி. அவனுக்குத் தூரத்துப் பார்வை சரியில்லை என்று மன்னித்துவிட்டேன். ஆனால் இருபதாவது நிமிடம் சிவப்புப் பச்சைக்காரன் ஒருவன் கோல் போட்டான், என் கை பாதி உயர்ந்துவிட்டது. அறுபது வருடப் பழக்கம். இன்னொரு கையால் பிடித்து இறக்கினேன். அந்த அவமானத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

எனவே முடிந்தது. சட்டையைத் தரை துடைக்கக் கொடுத்துவிட்டேன். இனி நான் பிளம் பறிப்பேன், ஜாம் காய்ச்சுவேன், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். ஸ்கோர் கேட்டு எனக்குப் போன் செய்யாதே. உன் பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடு.

உன் முழங்கால் குணமாகட்டும், பிள்ளைகள் நீடூழி வாழட்டும். அக்கா முத்தங்கள் அனுப்புகிறாள்.

உன் அத்தான்,
இலாரியே

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்பே கேசா வந்துவிட்டான், அன்றிலிருந்து கடிதம் மேசையிலேயே கிடக்கிறது.

“புதுக் கிளப் பதியணும்டா. நிறுவனர்னு கையெழுத்துப் போட ஆள் வேணும். பல் டாக்டரு, ரெண்டு வாத்தியாரு, மருந்துக்கடைக்காரரு இருக்காங்க. ரயில்வேல இருந்தவன் நான் ஒருத்தன்தான். ஒருத்தன வெச்சுக்கிட்டு ‘ரயில்வேக்காரர்கள் தொடங்கியது’ன்னு எப்பிடிடா எழுதுறது?”

நான் அவனை முறைத்தேன். உன் அக்கா ஜாம் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பேனாவை நீட்டினாள். “போடுங்க. இப்பிடி மொறைச்சிட்டு நின்னீங்கன்னா ஜாமே திரிஞ்சிடும்.”

போட்டேன். உனக்கும் நானே போட்டுவிட்டேன், தொழில்: ரயில் பெட்டிப் பரிசோதகர். கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. பதிவு முடிந்து நான்கு நாளாகிறது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, ஹட்செகானைத் தவிர. நம் புதுக் கிளப்பின் வரலாற்றில் இதுவரை ஒரு தோல்விகூட இல்லை. முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் உனக்குக் கிடைக்கட்டும் என்று இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.