பூனைகளுக்கு ஒரு செக்ரோல்

பதினான்கு நாட்களுக்குத் தான் யாருக்கும் புருஷனாக இருப்பதில்லை என்று ஐயாசாமி முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துரையின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது. முடிவை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னது "எஸ் சார்" மட்டும்தான்.

துரையும் துரைசாணியும் இரண்டு வாரம் பினாங்குக்குப் போகிறார்கள். சமையல்காரனும் கூடப் போகிறான். மலைமேல் பங்களா காலியாகக் கிடக்கும், துரைசாணியின் இரண்டு பூனைகளைத் தவிர. யாராவது ஒருவர் அங்கேயே தங்கி அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலோ ரயிலடியிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், சின்னக் கிராணியாகப் பத்து வருஷம் பேனா பிடித்தவர் ஐயாசாமி. பெரிய கிராணி வருஷக் கடைசியில் ஊருக்குக் கப்பலேறப் போகிறார். பூனைகள் நல்லபடியாக இருந்தால் அந்த நாற்காலியைப் பற்றிப் பேசலாம் என்று துரை சொன்னார்.

நாற்காலி ஒரு பக்கம் இருக்கட்டும். ஐயாசாமிக்கு உண்மையில் ஆசை நடையின்மேல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவர் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, காலையும் மாலையும் நடக்கச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. எங்கே நடப்பது? விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுவிட்டு வீடு திரும்பினால் வாசலில் அரிவாள் காத்திருக்கும். கிருஷ்ணம்மாவின் பசுவுக்குப் புல். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் அதே அரிவாள். கன்றுக்குப் புல். அந்தப் பசு தின்ற புல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் லேடாங் மலை மறைந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

ஆகவே அன்று மத்தியானம் மனைவியிடம் விஷயத்தை ஒரு துக்கச் செய்தி போலச் சொன்னார். கிருஷ்ணம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷமாகக் கீழே நின்று அந்த மலையை அண்ணாந்து பார்க்கிறாளாம். மேலே நின்று கீழே பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். தானும் வரட்டுமா என்றாள்.

இதை ஐயாசாமி எதிர்பார்த்திருந்தார்.

"துரை உத்தரவு. பொம்பளைங்க பங்களாவுக்கு வரக்கூடாது. எழுத்துல இருக்கு."

"ஏனாம்?"

"சீமைப் பூனை. சேலையப் பாத்தா மிரளும்."

கிருஷ்ணம்மா அந்த வெங்காயத்தை முழுசாக உரித்து முடித்தாள்.

"அப்ப சரி" என்றாள்.

அனுபவப்பட்ட புருஷன் எவனும் இந்த 'அப்ப சரி'யைக் கேட்டால் கட்டிய பெட்டியை அவிழ்த்து வைத்துவிடுவான். ஐயாசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்.

துரைசாணி ஒரு தாளில் எட்டு விதிகளை டைப் அடித்து வைத்திருந்தாள். காலையில் பால். மத்தியானம் ஆளுக்கு அரை டின் மீன். பகலில் வெளியே திரியலாம். மாலை ஆறு மணிக்கு இரண்டும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். இப்படியே போய், எல்லாவற்றையும் தினம் எழுதி வைக்க வேண்டும் என்று முடிந்தது. எழுதுவதென்றால் ஐயாசாமிக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். ஆபீஸிலிருந்து ஒரு செக்ரோல் கட்டை எடுத்து வந்தார். தோட்டத்து ஆட்கள் வேலைக்கு வந்ததையும் வராததையும் குறிக்கும் அதே தாள்தான். முதல் வரியில் 'வெள்ளை', இரண்டாவது வரியில் 'சாம்பல்' என்று எழுதினார். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் சற்று யோசித்துக் கோடு போட்டார்.

முதல் இரண்டு நாளும் சொர்க்கம். பெரட்டு முடிந்ததும், துரையின் பிரம்பை எடுத்துக்கொண்டு மலை முதுகோடு நடந்தார். பனி விலக விலக, பெலுமுட் மலை நீலமாக எழுந்து நின்றது. லாலான் புல் இடுப்புயரம் வளர்ந்து காற்றில் சாய்ந்தது. அவ்வளவு புல்லையும் யாருக்கும் அறுத்துப் போட வேண்டியதில்லை என்ற நினைப்பில் அவருக்குக் கண் கலங்கியது. சீனன் காய்கறித் தோட்டத்தைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, எதிரே வந்த ஒரு குரங்குக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டுத் திரும்பினார். மாலையிலும் அப்படியே.

மூன்றாம் நாள் மாலை நடை கொஞ்சம் நீண்டுவிட்டது. பங்களாவுக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். செக்ரோலை எடுத்து இரண்டு பேருக்கும் நேராக 'ஆஜர்' என்று குறித்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தார். பார்க்கவில்லை. பத்து வருஷப் பழக்கம் அது. பெரட்டில் மழை பெய்தால் அவர் ஆளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வந்திருப்பான் என்று நம்பிக் குறித்துவிடுவார், அநேகமாக வந்தும் இருப்பான்.

மறுநாள் காலை பால் கிண்ணம் வைத்தபடியே இருந்தது. முந்தின நாள் மீனும் அப்படியே. கட்டிலடி, அலமாரி மேல், குளியலறைத் தொட்டி எல்லாம் தேடினார். மெதுவான குரலில் கூப்பிட்டார். பிறகு உரத்த குரலில். அதற்குப் பிறகு, பெரட்டுக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆஜர் சொல்ல யாரும் இல்லை. பெரிய கிராணியின் நாற்காலி நாலு காலில் எழுந்து தன்னைவிட்டு நடந்து போவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

மலையடியில் மீரா சாகிபுவின் மளிகைக் கடை. அவர் பாதையைப் பார்த்தபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்.

"பூனையா, கிராணியாரே? உங்க வீட்டுலதான். நேத்து அஸர் தொழுகை நேரத்துக்கே வந்துருச்சு லா."

"எப்படிப் போச்சு?"

சாகிபு சொன்னார். மூன்று நாளாகத் தங்கச்சி கிருஷ்ணம்மா தினம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வாங்கிப் போகிறது. வீட்டில் கிராணியார் இல்லையே, இவ்வளவு கருவாடு யாருக்கு என்று அவரும் யோசித்திருக்கிறார். முதல் நாள் வறுத்த நெத்திலித் தட்டு பங்களா வேலியோரம் இருந்ததாம். இரண்டாம் நாள் பாதி மலையில், ஒரு ரப்பர் மரத்தடியில். மூன்றாம் நாள் கிராணி வீட்டு அடுப்பங்கரையில்.

ஐயாசாமி விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுப்புக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்மாவின் பழைய சுங்குடிச் சேலை மடித்துப் போட்டிருந்தது. அதன்மேல் வெள்ளையும் சாம்பலும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கின.

"மிரளுது பாருங்க" என்றாள் கிருஷ்ணம்மா.

அவர் இரண்டையும் ரோத்தான் பிரம்புக் கூடையில் போட்டு மூடி மலையேறினார். சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போனால் இரண்டும் அங்கே இல்லை. மறுபடி இறங்கினார், ஏறினார். மறுநாளும் அப்படியே. டிரஸ்ஸர் சொன்ன நடை இரண்டே நாளில் நாலு மடங்காகிவிட்டது. கூடவே இரண்டு பூனைகளின் கனமும் நகமும். ஆறாம் நாள் காலை அவர் கூடையோடு வாசலில் வந்து உட்கார்ந்தபோது கிருஷ்ணம்மா ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். அரிவாளை எடுக்கச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, செக்ரோல் ஒழுங்கா எழுதறீங்களா?"

"எழுதறேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டும் எங்க இருந்துச்சுன்னு எழுதியிருக்கு?"

ஐயாசாமி மோரைக் குடித்தார்.

"இங்க இருந்துச்சு" என்றாள் அவளே. "சாகிபு அண்ணன் பாத்தாங்க. லயத்து வீடுகள்ல பாதிப் பேரு பாத்தாங்க. வராத ஆளை வந்ததா எழுதினா அந்தக் கிராணிய என்ன பண்ணுவாங்கன்னு நீங்கதான் எனக்குச் சொல்லியிருக்கீங்க. நான் செக்ரோலைப் பாக்கல. பாக்கணுமா வேண்டாமா, சொல்லுங்க."

"கிருஷ்ணம்மா, என் நாற்காலி அதுங்க முதுகுல இருக்கு. நீ கருவாடு வறுக்கறதை நிறுத்து."

"என் வீட்டுல நான் கருவாடு வறுக்கக் கூடாதுன்னும் எழுத்துல இருக்கா? அந்தத் தாளைக் கொஞ்சம் படிங்க, கேப்போம்."

அவர் சட்டைப் பையிலிருந்து துரைசாணியின் தாளை எடுத்தார். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தார். பால், மீன், ஆறு மணி. கிருஷ்ணம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தாள். ஐந்தாவது விதிக்கு மேல் அவர் குரல் இறங்கியது. எட்டு விரலும் மடங்கின.

"பொம்பளைங்க எங்க வர்றாங்க?"

"தாள் முடிஞ்சிருச்சு" என்றார் ஐயாசாமி.

அன்று மத்தியானமே கிருஷ்ணம்மா இரண்டு சேலை, நெத்திலிப் பொட்டலம், இரும்புச் சட்டி சகிதம் மலையேறினாள். பூனைகளைத் தூக்கவில்லை. அவை தாமாகவே வாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயின. பசுவையும் கன்றையும் யார் பார்ப்பது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அரிவாள் வாசலிலேயே இருந்தது.

மிச்சம் இருந்த நாட்களில் ஐயாசாமி காலையும் மாலையும் மலையடியில் குனிந்து புல் அறுத்தார். நிமிரும்போதெல்லாம் மலை முதுகில் ஓர் உருவம் தெரியும். கையில் துரையின் பிரம்பு. பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு சாம்பல் புள்ளி. ஒரு தடவை அந்த உருவம் நின்று, பிரம்பை உயர்த்தி அவருக்கு ஆட்டியது. மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

துரை திரும்பி வந்தார். பூனைகள் இரண்டும் கொழுத்திருந்தன. துரைசாணி செக்ரோலைப் புரட்டி, பாதிக்கு மேல் உருண்டை உருண்டையான வேறொரு கையெழுத்தில் இருப்பதைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டாள். ஆறாம் நாளிலிருந்து பூனைகளைப் பார்த்துக்கொண்டதும் எழுதியதும் கிருஷ்ணம்மாதான் என்று ஐயாசாமி உண்மையைச் சொன்னார். துரைசாணி சிரித்தாள். துரை கை கொடுத்தார். ஜனவரி முதல் தேதியிலிருந்து பெரிய கிராணி ஐயாசாமிதான்.

அவர் வீடு வரை தரையில் கால் படாமல் வந்தார். இனி கிராணிகளுக்குள் பெரியவர். இனி ஒரு ஆள் வைத்துப் புல் அறுக்கலாம். பேச வேண்டிய பேச்சைக்கூட வழியிலேயே தயார் செய்துவிட்டார்.

கிருஷ்ணம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "துரைசாணியம்மா காலையிலேயே ஆள் அனுப்பிச் சொன்னாங்க. மார்ச்சுல சீமைக்குப் போறாங்களாம், ஆறு மாசம். பூனைங்களுக்கு நான்தான் வேணுமாம்."

"ஆறு மாசமா? அப்ப இங்க?"

கிருஷ்ணம்மா கையிலிருந்த வெங்காயத்தால் கதவைக் காட்டினாள். கதவின் உட்புறம் மீந்துபோன செக்ரோல் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. முதல் வரியில் பசு, இரண்டாவது வரியில் கன்று, மூன்றாவது வரியில் ஐயாசாமி. அன்று சாயங்காலப் புல்லுக்கு அவர் இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவர் பேருக்கு நேராக 'ஆஜர்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.