தலைப்பிரசவத்துக்குப் போட்ட குழாய்

அருப்புக்கோட்டை
12-5-1946

மதுரையில் ஓவர்சியர் உத்தியோகம் பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை ஜோதிலிங்கம் அவர்கள் சமுகத்துக்கு, மாமனார் வெங்கடசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. சௌடேஸ்வரி அம்மன் கிருபையால் இவ்விடம் நானும் உங்கள் அத்தை லிங்கம்மாளும் நான்கு தறிகளும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்தையும், ஏழு மாதக் கர்ப்பிணியான சுப்புலட்சுமியின் சுகத்தையும் அறிய ஆவல்.

குளிக்கும் அறையின் பழைய மண்குழாய் வெடித்து வீடே நாறுகிறது, அதைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கழிவுக் குழாயும் கூரைக்கு மேல் நிற்கும் காற்றுக் குழாயும் போடாதவரை தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று தை மாதம் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனீர்கள். எல்லாம் முடிந்தது. நாற்றம் மருந்துக்குக்கூட இல்லை. நாள் முழுக்கச் சாம்பிராணி போடுவது பக்திக்காக. ஆகையால் பெண்ணைத் தயவுசெய்து அனுப்பிவைக்க வேண்டும்.

யுத்தம் முடிந்தும் இரும்புக்குப் பெர்மிட் கேட்கிறார்கள், அதனால் மூடிக் கிடக்கும் பஞ்சு அரவை மில்லிலிருந்து பழைய நீராவிக் குழாயைக் காற்றுக் குழாய்க்கென்று வாங்கிவந்தேன், அது உங்கள் படத்தில் உள்ளதைப் போல மும்மடங்கு பருமன், கொத்தனார் பால்ச்சாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இதுக்குத் தக்கன வீட்டத்தான் பெருசாக்கணும்" என்றான், எப்படியோ நிறுத்தினோம், மறுநாளே வெங்கடசாமி மில் வைக்கிறான் என்று பேச்சுக் கிளம்பி நரிக்குடியிலிருந்து ஏழு பேர் வேலை கேட்டு வந்துவிட்டார்கள். இது கெட்ட காற்று மேலே போவதற்கு என்று விளக்கினால் அடுத்த வீட்டுச் சௌடையா, "ஒங்க வீட்டுக் கெட்ட காத்து எங்க மாடியிலயா வந்து எறங்கணும்?" என்று சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானம் செய்தது குழாய்தான். சந்தில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்ட உறுதியான கம்பம் கிடைக்காமல் தவித்தவர், நூலின் ஒரு முனையை அதில் கட்டிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, அன்று முதல் தெருவிலுள்ள எல்லோருடைய பாவும் அதில்தான். இழுத்த இழுப்பில் குழாய் சௌடையா வீட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்தாலும் காற்றுப் போகும் என்று பால்ச்சாமி சொல்கிறான்.

தெருச் சாக்கடையில் போய்ச் சேரும் கழிவுக் குழாயில் ஒரு வளைவு வைக்கச் சொன்னீர்களே, அதுதான் உங்கள் அத்தைக்குப் பிடிபடவில்லை. அதில் எந்நேரமும் ஒரு சொம்புத் தண்ணீர் நிற்குமாம். மழை ஏமாற்றிய வருஷம், ஒரு குடத்துக்கு அரை மைல் நடக்கிறவள், "குழாய்க்கென்ன தாகம்?" என்று கேட்டு, தினமும் துணியை உள்ளே விட்டு முக்கிப் பிழிந்து அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுகிறாள். குளிக்கிற தண்ணீரும் அண்டாவில் பிடித்து முருங்கைக்கே. ஆகவே புதுக் குழாயில் இன்றுவரை அழுக்கு இறங்கவில்லை. இவ்வளவு சுத்தமான கழிவுக் குழாய் உங்கள் மதுரையிலேயே இருக்காது.

நீங்கள் இருவரும், வரப்போகிறவரோடு மூவருமாய், குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெங்கடசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பகல் பஸ்ஸில் சுப்புலட்சுமி டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். நீங்கள் உத்தியோக விஷயமாக வெளியூர் கேம்ப் போயிருந்ததால் சொல்லிக்கொள்ள முடியவில்லையாம். வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். நாற்றம் இல்லை என்று மேலே எழுதியது பொய். குழாய் போட்ட நாள் முதல் தெருச் சாக்கடை நாற்றம் முழுவதும் அதன் வழியாக நம் வீட்டுக்குள்தான் வருகிறது. அவள் நேரே பின்கட்டுக்குப் போய், லிங்கம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு பார்க்க, ஒரு குடம் தண்ணீரை வளைவில் ஊற்றினாள். உள்ளே நின்ற தண்ணீர் நாற்றத்தை மறித்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் நீங்கள் தினம் நடத்தும் பாடமாம். "குழாய் சரியாச்சான்னு தெரியாமலே வந்துட்டியேம்மா" என்றேன். "நாத்தத்துல பெத்துக்கிடலாம்ப்பா, அம்மா இல்லாமப் பெத்துக்கிட முடியாது" என்றாள். நான் அழுதுவிட்டேன். ஆகையால் பெண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்டதை அடித்துவிட்டு, அனுப்பியதற்கு நன்றி என்று வாசித்துக்கொள்ளவும். நீங்கள்தான் மனமுவந்து அனுப்பினீர்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.