யூன் மேடத்துக்கு வராத வார்த்தை

“காம்பன்சேட் என்றால் இழப்பை ஈடு செய்வது” என்று கார்குழலி ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள், கல்மண்டபத்துச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் மொத்தமாக ஹாரன் அடித்தன. கணினித் திரையில், கொரியாவின் பூசான் நகரத்து யூன் மேடம் காதருகே கை குவித்தார்.

ஐந்து நிமிடம் போயிற்று. நாளைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்து ஈடு செய்வதாகச் சொன்னாள் கார்குழலி. ஆன்லைனில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலையில் சேர்ந்து மூன்றே வாரம். ஒரு புகார் வந்தால் போதும், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையிலிருந்தும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் ஜன்னலைச் சாத்தினாள். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்காது என்று அம்மா வரலட்சுமி உள்ளேயே வந்துவிட்டாள்.

“இன்னாடி, ஜன்னல சாத்திகினு கீற? தண்ணி வண்டி வந்துகீது. கொடத்த எடு.”

“கிளாஸ் நடக்குதும்மா.”

“அது நடக்கும். தண்ணி நிக்காது.”

இப்போது ஈடு செய்ய இருபது நிமிடம்.

மூன்றாம் நாள் கதவையும் தாழிட்டாள். அம்மா தட்டிய தட்டில் தாழ்ப்பாளே கழன்றது. கையில் மீனோடு வந்தவள் திரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

“தோ பாரும்மா, வஞ்சிரம். நீ துன்னுவியா?”

யூன் மேடம் ஒன்றும் புரியாமல் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். கார்குழலிக்கு மானம் போயிற்று.

இந்த ரகளையில் பாடம் எப்படி ஏறும்? காம்பன்சேட்டை யூன் மேடம் தினமும் புதிதாகத் தப்பு செய்தார். அந்தப் பழியையும் கார்குழலி தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். நல்ல பெண், என்ன செய்வது.

நான்காம் நாள் பெரம்பூரில் தோழி ரூஹியின் மாடி அறைக்குப் போனாள். ஃபேன்கூடச் சத்தம் போடாத அறை. தடங்கலே இல்லாத வகுப்பு. யூன் மேடம் சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாதியிலேயே விடைபெற்றார்.

மறுநாள் காலை மேலாளர் பெனிட்டோ போன் செய்தார்.

“யூன் மேடம் கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்காங்க.”

கார்குழலி முந்திக்கொண்டாள். “இனிமே சத்தம் வராது சார். வேற எடம் பாத்துட்டேன்.”

“அதாம்மா கம்ப்ளெயின்டே. உங்க வீட்லேர்ந்துதான் நடத்தணுமாம். அவங்க வீட்டுக்காரர் தவறினதிலேர்ந்து அங்க பேச்சுச் சத்தமே இல்லையாம்.”

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை.

“அப்போ பாடம் இன்னா ஆவறது சார்? அந்த ஒரு வார்த்தையே அவங்களுக்கு இன்னும் வரல.”

“அவங்க முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சரா இருந்தவங்கம்மா.”