பன்னிரண்டடித் துப்பாக்கி

துப்பாக்கியிலிருந்து கிளம்பிய மஞ்சள் உருண்டை பன்னிரண்டு அடி தூரம் போய், களைத்து, துவைக்கிற கல்லின் மேல் 'பொத்' என்று விழுந்தது. உடையக்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த குரங்கு சாவகாசமாக இறங்கி வந்தது. உருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்தது, வாயில் போட்டுக்கொண்டது. பிறகு சசிதரனைப் பார்த்து இன்னொன்றுக்குக் கையை நீட்டியது.

"ஏனுங்க, அதைத் தொரத்தறீங்களா, சோறூட்டறீங்களா?" என்று சன்னலுக்குள்ளிருந்து கேட்டாள் நாமகிரி.

சசிதரன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்புக்கு மனைவியோடு வந்து எட்டு மாதம் ஆகிறது. மலை நாமகிரிக்குப் பிடித்துத்தான் இருந்தது, குரங்குகள் வரும்வரை. முதலில் காயப்போட்ட வடகம் போனது. அப்புறம் தேங்காய் எண்ணெய் பாட்டில். கடைசியாகச் சாமிக்கு வைத்த வாழைப்பழம், அதுவும் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.

"பொங்கலுக்குள்ள இதுக போயாகோணும். இல்லீனா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்புட வராதீங்க" என்று கெடு வைத்தாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். "ஆனா ஒண்ணு மேலயும் அடி படக்கூடாது. ஆஞ்சநேயர் ஊர்ல பொறந்தவ நான்!"

இதற்காகத்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஓம்பிரகாஷ், தான் விளையாடிப் பழசாக்கிய, சாய உருண்டை அடிக்கிற பெயின்ட்பால் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பியிருந்தான். குரங்கு மேல் பட வேண்டாம், பக்கத்துச் சுவரில் அடித்தால் போதும், 'டமார்' என்று சாயம் தெறிக்கிற சத்தத்துக்கே ஓடிவிடும் என்பது அவன் சொன்ன யோசனை. நல்ல யோசனைதான், உருண்டை சுவர்வரை போயிருந்தால்.

உருண்டை பழசு என்று நினைத்துப் புது டப்பா வரவழைத்தான் சசிதரன். புதுசு இன்னும் ருசியாக இருந்திருக்க வேண்டும். நான்கு குரங்கு எட்டானது. வாயெல்லாம் மஞ்சளும் நீலமுமாக அவை ஆபீஸ் ஜீப்பின் மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இதுகளுக்கு என்னய்யா சீக்கு?" என்று அதிகாரி கேட்டார். சசிதரன் குனிந்த தலை நிமிராமல் கோப்பைப் புரட்டினான்.

அடுத்த சந்தேகம் உருண்டையைத் தள்ளுகிற கேஸ் மேல். துப்பாக்கியைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நாமக்கல் இறங்கினான். அங்கே சோடாக் கம்பெனி மாணிக்கம்தான் அதன் சிலிண்டரில் கேஸ் ஏற்றித் தருபவர். ஏற்றியதும் சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். டமார்! எதிர்ச்சுவர் முழுக்க மஞ்சள்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

சசிதரன் சந்தோஷமாக எழுபது வளைவும் ஏறி வந்து அடித்தான். பன்னிரண்டு அடி. பொத்.

மறுபடி இறங்கினான். டமார். மறுபடி ஏறினான். பொத். மூன்றாம் முறை இறங்கியபோது மாணிக்கம் தலையைச் சொறிந்தார்.

"மேல மார்கழிக் குளிருங்க. குளுந்தா இந்தக் கேஸு சீறாது. இதைத் தூக்கிப் போட்டுட்டு, அழுத்துன காத்து ரொப்பற டேங்கா போடோணும். அதுக்குத் தோதா வால்வையும் மாத்தோணும். ஒண்ணை மட்டும் மாத்துனா பிரயோசனமில்லீங்க."

"ரெண்டையும் மாத்துனா?"

"செவுரே பேந்துரும்!"

சசிதரன் யோசித்தான். சுவரே பெயர்ந்தால் குரங்கு என்ன ஆகும்? மாற்றாவிட்டால் நாமகிரி பொங்கலுக்குப் போய்விடுவாள். மாற்றி, கை தவறி ஒன்றின் மேல் பட்டுவிட்டால் அன்றைக்கே போய்விடுவாள். அவள் இல்லாத வீட்டுக்கு ஆபீஸ் முடிந்து திரும்புவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் டேங்கும் வேண்டாம், வால்வும் வேண்டாம், இருப்பதையே சூடாக்கிப் பார்ப்போம் என்று முடிவு செய்தான். சிலிண்டரை நாமகிரியின் கம்பளிச் சால்வையில் சுற்றி இளவெயிலில் வைத்துவிட்டு, டீ குடித்துத் திரும்பினான். சிலிண்டர் இருந்தது, சால்வை இல்லை. பலா மரத்தில் ஒரு தாய்க்குரங்கு குட்டியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அது நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா எடுத்துக் குடுத்ததுங்க" என்றாள் நாமகிரி. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

சசிதரன் டெலிபோன் பூத்துக்கு ஓடினான். "மாப்ளே, டேங்கு, வால்வு ரெண்டையும் அனுப்பு. ஆனது ஆகட்டும், நான் பதனமா அடிச்சுக்கறேன்!"

"காத்து ரொப்பியே அனுப்பறேன் மாமா" என்றான் ஓம்பிரகாஷ்.

கட்டி வைத்த பெட்டியோடு நாமகிரி கெடுவரை பொறுத்திருக்க, பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. அதற்குள் எட்டுக் குரங்கு முப்பதாகியிருந்தது. சசிதரன் வாசலில் உட்கார்ந்து, பழைய வால்வில் திருப்புளியை வைத்தான். அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது.

மலையில் பக்கத்திலிருக்கும் குண்டூர் நாட்டு விவசாயி சின்னுசாமி முன்னால் வர, பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். மனு எழுதிப் போட்டே இரண்டு அதிகாரிகளை மலையிறக்கியவர் என்று சின்னுசாமிக்கு ஆபீஸில் பேர். குரங்கைச் சுடுகிற சமாசாரம் அவர் காதுக்கு எட்டிவிட்டது! சசிதரன் துப்பாக்கியை மடியில் மறைக்கப் பார்த்தான். மறையவில்லை.

"எதுக்கும் அடிபடலீங்க" என்று உளறினான். "பழைய வால்வுங்க, பன்னண்டு அடிக்கு மேல போகாது. இப்பத்தான் மாத்தலாம்னு..."

சின்னுசாமி பாய்ந்து வந்து திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டார்.

"மாத்திப்போடாதீங்க சாமி! நீங்க சுட ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்க வாழைத் தோட்டத்துல ஒத்தைக் குரங்கு இல்லீங்க. அத்தனையும் இங்கதான் குடியிருக்குது!"

பின்னால் வந்தவர்கள் மூன்று வாழைத்தாரை இறக்கி வைத்தார்கள். சசிதரனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதிப் பாதி முதுகுக்குப் பின்னால், கையில் பெட்டியோடு நின்றது.

"அதுக இங்க குடியிருந்தா நாங்க எங்கீங்க குடியிருக்கறது?" என்றாள் நாமகிரி.

சின்னுசாமி மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எங்க ஊர்ல ஊடு வெள்ளையடிச்சு ரெடியா இருக்குதுங்க அம்மிணி, வடகம் காயப்போடப் பெரிய வாசலோட. துப்பாக்கியை மட்டும் இங்கயே உட்டுட்டு வாங்க, சுடறதுக்கு ஆளுக்கொரு நாள்னு மொறை போட்டுட்டோம்!"