ஈரண்ணா முதலீடு தேடிப் போன கதை

ஈரண்ணா சபதம் போட்டது ஹூப்பள்ளி ரயில் நிலையத்தில், பெட்டியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு.

"முதலீடு கிடைக்காம இந்த ஊர்ல கால் வைக்க மாட்டேன், நீலா!"

"சரி. இன்னொரு காலையும் உள்ள வைங்க, வண்டி நகருது," என்றாள் அவன் மனைவி நீலாம்பிகா.

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பியாடகி மிளகாயை நிறம் மங்காமல் உலர்த்த அவன் ஓர் இயந்திரம் கண்டுபிடித்திருந்தான். அது பீரோ உயரம், ரயிலில் ஏறாது. ஆகவே அதை வீட்டு முற்றத்திலேயே விட்டுவிட்டு, படங்களை மட்டும் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனான்.

பெங்களூரில் முதலீட்டாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர், "அருமையான யோசனை, ஆனா சீக்கிரமா வந்துட்டீங்க" என்றார். அடுத்தவர், "லேட்டா வந்துட்டீங்க" என்றார். இன்னொருவர் ஹூப்பள்ளி எந்தப் பக்கம் என்று விசாரித்தார். பெரிய நிதி நிறுவனத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில், "முதல்ல வளர்ந்து காட்டுங்க, அப்புறம் பணம் தர்றோம்" என்றார்கள். வளரத்தானே ஐயா பணம் கேட்கிறேன் என்று மனதுக்குள் கத்திவிட்டு, வாயால் நன்றி சொல்லி வெளியே வந்தான்.

அதையாவது தாங்கிக்கொண்டான். சோளரொட்டி இல்லாத தட்டையும் நீலா இல்லாத அறையையும்தான் தாங்க முடியவில்லை. பக்கத்து அறைக்காரன் மிளகாய் தாளித்தால் இவனுக்குக் கண் கலங்கும். நெடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். தாளித்து முடித்த பிறகும் கலங்கும்.

"எப்படி இருக்கீங்க?" என்று போனில் கேட்டாள் நீலா.

"பேச்சுவார்த்தை நல்லா போயிட்டு இருக்கு."

"பேச்சுவார்த்தையை யார் கேட்டா? உங்களைக் கேட்டேன்."

"எனக்கென்ன, ராஜாவாட்டம் இருக்கேன்! நீ?"

"நாக பஞ்சமிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். ரொட்டிப் பஞ்சமிக்கு முன்னாடியே கதக்லேருந்து அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறான். ஊஞ்சல்லாம் கட்டியாச்சாம்."

ஈரண்ணாவின் மூளை வேலை செய்தது. அவள் வீட்டில் இல்லை என்றால், சபதம் உடைந்ததைப் பார்க்கவும் ஆள் இல்லை! அவள் இல்லாவிட்டால் என்ன, அவள் புழங்கிய வீடாயிற்றே. அவள் தலையணையில் ஒரு தூக்கம் போட்டு, டப்பாவில் மிஞ்சியிருக்கும் மொறுமொறு கடக் ரொட்டியைத் தின்றுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிவிடலாம்.

நாக பஞ்சமிக்கு முந்தின நாளான ரொட்டிப் பஞ்சமி அன்று தெருவெங்கும் பெண்கள் ரொட்டித் தட்டுகளோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி பின்வாசல் வழியாக நுழைந்தான். முற்றத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் ஓடுகிறது என்று யோசிப்பதற்குள் நெடி ஏறி, ஊரே திரும்பிப் பார்க்கும்படி தும்மினான்.

"வாங்க, கை கழுவிட்டு உக்காருங்க," என்றது சமையலறைக் குரல்.

"நீ... நீ கதக் போகலையா?"

"அண்ணனை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். இன்னிக்கு நீங்க வருவீங்கல்ல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இருக்கேன்னு சொன்னா உங்க வீராப்பு விடாது. இல்லேன்னு சொன்னா ஓடி வருவீங்க. உங்களோட குடும்பம் நடத்துறேன், இதுகூடவா தெரியாது?"

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த சோளமாவைப் பார்த்ததும் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டான்.

"உன்னைப் பாக்காம முடியல, நீலா. முதலீடு நாசமாப் போகட்டும். எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"நிஜமாவா?"

"சத்தியமா!"

நீலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணையும் சேர்த்துத் துடைத்தது போலிருந்தது. "அப்ப ஒரு விஷயம் சொல்றேன். நம்ம ஊர் வியாபாரிங்க சில பேர் ஒண்ணா சேர்ந்து, உள்ளூர்த் தொழிலுக்குச் சொந்தப் பணத்தைப் போடுறாங்க. இங்க வந்தாங்க. மழையில மெஷினை ஓட்டிக் காட்டினேன். மிளகாயை அள்ளிப் பாத்தாங்க, தும்மினாங்க, பணம் போடுறோம்னுட்டாங்க."

"எப்போ?"

"போன மாசம்."

"போன மாசமா! அடிப்பாவி, ஏன் சொல்லல?"

"சொன்னா பணத்துக்காக வந்திருப்பீங்க. எனக்காக வருவீங்களான்னு பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

ஈரண்ணா நெஞ்சை நிமிர்த்தினான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாமே ஒன்றாகக் கைக்கு வந்திருந்தது. "பாத்தியா, உனக்காகவே வந்துட்டேன்! கம்பெனித் தலைவர் ஊருக்கு வந்தாச்சுன்னு அவங்களுக்குப் போன் போடு!"

"அதுல ஒரு சின்னச் சங்கதி. தலைவர் உள்ளூர்லயே இருக்கணும்னு நிபந்தனை. அன்னிக்கு ஊர்ல இருந்தது நான்தான். அதனால என்னைத் தலைவரா போட்டுட்டாங்க."

"அப்ப நான்?"

நீலா சூடான ரொட்டியை அவன் தட்டில் போட்டாள்.

"நாளைக்குத் தலைவர் கதக் போறாங்க. பஞ்சமி முடிஞ்சு திரும்பி வர்ற வரைக்கும் மிளகாயைக் கிளறி விட ஒரு ஆள் வேணும்."