காது கடைசியில்தான்

உலகத்தில் இத்தனை தலைகள் தொப்பியில்லாமல் திரிவதற்கு நூல் பற்றாக்குறை காரணமல்ல. விளக்கிச் சொல்ல ஆள் பற்றாக்குறைதான் காரணம். அடக்கத்தோடு சொல்கிறேன், அந்தப் பற்றாக்குறையைத் தனி ஒருவனாகப் போக்கிக்கொண்டிருப்பவன் நான்.

லிஃப்ட் தயாரிக்கும் நிறுவனத்தில் எனக்குப் பயிற்சிப் பிரிவு. லிஃப்டில் கூட வருகிறவர்களுக்கு, அவர்கள் மாடி வருவதற்குள், பெட்டிக்கு எதிரே தொங்கும் எடை என்ன செய்கிறது, கயிறு அறுந்தாலும் பெட்டி ஏன் விழாது என்பதையெல்லாம் சொல்லிவிடுவேன். நேரம் போதாவிட்டால் கதவைக் கையால் பிடித்துக்கொள்வேன். என் சகாக்கள் இப்போதெல்லாம் படியேறித்தான் வருகிறார்கள். உடற்பயிற்சியில் அவர்களுக்குள்ள அக்கறை என்னை நெகிழ வைக்கிறது.

இப்படிப்பட்டவனிடம்தான் என் மகள் கேட்டாள்: "அப்பா, மொட்டைக்கு ஒரு முயல் தொப்பி வேணும்."

மொட்டை அவளுடைய பொம்மை. கடையிலிருந்து வரும்போதே முடியில்லாமல் வந்தவள். எங்களுக்கு மூன்று மாடி கீழே இருக்கும் சிநேகிதியின் பொம்மைக்குச் சனிக்கிழமை பிறந்தநாள். வருகிற பொம்மைகள் எல்லாம் மிருகத் தொப்பி அணிந்து வரவேண்டும் என்பது "அழைப்பின் நிபந்தனை". போன தடவை மொட்டையின் தலையைத் தடவித் தடவி எல்லோரும் சிரித்தார்களாம்.

"ரெண்டு காதும் நிக்கணும்ப்பா. காது இருந்தாதான் முயல். இல்லாட்டி மறுபடி சிரிப்பாங்க."

"கடையில வாங்கிடலாமே," என்றாள் என் மனைவி. பல் மருத்துவமனையில் வேலை அவளுக்கு. ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் சட்டென்று வேலையை முடித்து மூடவைக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் தர்மம்.

"வாங்கலாம். ஆனா அது எப்படி உருவாகுதுன்னு குழந்தைக்குத் தெரியாமப் போயிடுமே?"

"போகட்டுங்க. தொப்பி தலையில இருக்கும்ல?"

இந்த மனப்போக்கை எதிர்த்துத்தான் நான் குடும்பம் நடத்திவருகிறேன்.

அன்று மாலையே பின்னல் வளையம் ஒன்றை வாங்கிவந்தேன். கடைக்காரர் அதை 'லூம்' என்றார். நெய்கிற தறி அல்ல. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் வளையம், விளிம்பைச் சுற்றி வரிசையாக முளைகள். ஒவ்வொரு முளையிலும் உல்லன் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே வட்டமாக வரவேண்டும். அதன் மேலேயே இன்னொரு சுற்று. இப்போது முளைக்கு இரண்டு கண்ணிகள். கொக்கியால் கீழ்க் கண்ணியைத் தூக்கி, மேல் கண்ணியைத் தாண்டி, முளைக்குப் பின்னால் விட்டுவிட வேண்டும். ஒரு வரிசை ஆயிற்று. இப்படியே போனால் வளையத்துக்குள்ளிருந்து குழாய்போலத் துணி இறங்கும். போதுமான உயரம் வந்ததும் கழற்றி, மேல் வாயை நேர்க்கோட்டில் தைத்தால், இரு மூலைகளும் தாமாகவே நிமிரும். மூலையடியில் நூலால் ஒரு கட்டு. காது! என்ன அழகான ஏற்பாடு பாருங்கள். தைக்கத் தெரியாதவனுக்கும் மூலை தெரியும்.

"புரிஞ்சுடுச்சுப்பா. குடு, நான் போடறேன்," என்று கை நீட்டினாள் மகள்.

"பொறு கண்ணு. கண்ணி ஏன் அவிழ்ந்து வரலைன்னு முதல்ல பாப்போம்."

பார்த்தோம். அவள் சாய்ந்தபடி பார்த்தாள், பிறகு படுத்தபடி பார்த்தாள், பிறகு மூடிய கண்களால் பார்த்தாள். கற்றல் ஆழமாகும்போது இப்படி நேர்வது இயல்பு.

மறுநாள் வளையத்தை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கே அப்போது "மன அமைதி வாரம்" நடந்துகொண்டிருந்தது. ஊழியர்களின் மன அமைதிக்காக அன்றாடம் இரண்டு கூட்டங்கள். இரண்டாவது கூட்டம், முதல் கூட்டத்தால் போன அமைதியை மீட்பதற்காக. அதில் எழுந்து வளையத்தை உயர்த்திக் காட்டினேன்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுல நம்ம நிறுவனத்தோட நோக்கம் எங்க இருக்கு?"

"நடுவுல சார். கொக்கி மேல போகுது, துணி கீழ வருது. கயிறு ஒண்ணுதான். நம்ம லிஃப்டேதான் சார் இது."

மேலாளரின் கண் கலங்கியது. 'ஆமாம் சார்' என்று நாங்கள் அழைக்கும் விற்பனைப் பிரிவுக்காரர் மூன்று முறை ஆமாம் சார் என்றார். எல்லாப் பிரிவுகளுக்கும் இதை "செய்முறையோடு" நான் விளக்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது.

"ஒரு சின்ன சந்தேகம்," என்றார் மேலாளர். "அது ஏன் முயல்? நாம வேகத்தைச் சொல்றோமா, பயத்தைச் சொல்றோமா?"

"ஆமாம் சார்," என்றார் ஆமாம் சார்.

முயலா, யானையா, மாடி ஏறும் பூனையா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. அது இன்னும் ஆராய்கிறது.

இங்கேதான் ஒரு நுட்பம். செய்முறை விளக்கத்துக்கு முளைகளில் கண்ணிகள் இருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டால் வெறும் வளையம்தான். வெறும் வளையத்தை வைத்து யாருக்கு என்ன விளக்க முடியும்? ஆகவே கணக்குப் பிரிவுக்குச் சில வரிசை, விற்பனைக்குச் சில வரிசை, பழுதுபார்ப்புக்காரர்களுக்குக் கூடுதலாகச் சில. அவர்கள் "புரியுது, புரியுது" என்று அவசரமாகச் சொன்னார்கள். அவசரமாகப் புரிந்தால் சரியாகப் புரியாது என்பதால் மறுபடி சொன்னேன். தொப்பி வளர்ந்தது. கல்வி வளரும்போது தொப்பி வளராமலிருக்குமா?

வீட்டில் அதை மேசைமேல் வைத்தேன். மறுமுனை தரையைத் தொட்டது.

"இதென்ன, தொப்பியா? தண்ணிக் குழாயா?" என்றாள் மனைவி. "நாலு விரல் உயரம் போதும்னு டப்பாவிலயே போட்டிருக்கான்."

"உயரம் போதும். விளக்கம் போதலை."

மகள் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தாள். "காது எங்கப்பா?"

"காது கடைசியிலதான் கண்ணு."

"கடைசி எப்பப்பா வரும்?"

கடைசி என்பது எந்த வரிசை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே அவள் மொட்டையின் தலையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. மகள் புதுச் சட்டையில், மொட்டை மொட்டையில். நான் வளையத்தோடு சோபாவில் உட்கார்ந்து கழற்றத் தொடங்கினேன். ஊசியில் நூல் கோத்து ஒவ்வொரு கண்ணியாக நுழைத்து எடுப்பது ஏன், நேரே உருவினால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே கழற்றினேன். என்ன ஆகும் என்று கொஞ்சம் உருவியும் காட்டினேன். அதைச் சரிசெய்து, வளையத்திலிருந்து முழுசாகக் கழற்றச் சற்று நேரமாயிற்று.

"அப்பா, கேக்கு வெட்டிடுவாங்க. காது மட்டும் போடுப்பா. பேசாம போடுப்பா."

"இதோ, காதுதான். மூலை ஏன் நிமிருதுன்னா, துணியோட ரெண்டு பக்கமும்..."

"ஏங்க," என்றாள் மனைவி. மருத்துவமனையில் வாயை மூடச் சொல்லும் அதே குரல்.

ஆனால் துணியின் இரண்டு பக்கங்களைப் பற்றி ஒருவன் பேசத் தொடங்கினால், ஒரு பக்கத்தோடு நிறுத்துவது அறமாகாது. பேசி நிமிர்ந்தபோது மடியில் குழாய் இல்லை. எதிரே மகளும் இல்லை. கதவு மட்டும் திறந்திருந்தது.

மாலையில் அவளை அழைத்துவரக் கீழே போனேன். சிநேகிதி வீட்டு வாசலில் முயல், கரடி, பூனை என்று எல்லாப் பொம்மைகளும் காதோடு நின்றன. மகள் கையில் நீளமாக ஒரு குழாய். மொட்டை அதற்குள் முழுசாகப் போயிருந்தாள். ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது.

லிஃப்ட் முன்னால் நின்றோம். பொத்தானை அழுத்தினேன்.

"எல்லாரும் பாத்தாங்களா?"

"ம்."

"சிரிச்சாங்களா?"

"முதல்ல சிரிச்சாங்க. என்ன மிருகம்னு கேட்டாங்க."

"முயல்னு சொல்லிட்டியா?"

"முயலுக்குக் காது இருக்குமே."

"சரி, பாம்புன்னு சொல்லியிருக்கலாம்."

"பாம்புன்னா வால் வந்து முடிஞ்சிடும்ப்பா. இது முடியவே இல்ல."

"அப்ப என்னன்னுதான் சொன்ன?"

அவள் மொட்டையின் பாதத்தை உள்ளே தள்ளினாள். "காதே கிடையாது, போய்க்கிட்டே இருக்கும், உள்ள மாட்டினா வெளிய வர முடியாது. எங்க அப்பான்னு சொன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கல. பாவம்னு மொட்டைக்குத்தான் முதல் கேக்கு குடுத்தாங்க."

இதில் விலங்கியல் ரீதியாக ஒரு பிழை இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்ட வாயைத் திறந்தேன். லிஃப்டும் வந்து கதவைத் திறந்தது.

மகள் இரண்டையும் பார்த்தாள். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

உடற்பயிற்சியில் அவளுக்கும் அக்கறை வந்துவிட்டது.